நாற்காலியை விட்டு எழாத கொமிஸேர்

துறைமுகக் கம்பெனியின் மருந்தறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. தாராளமாக உட்கார்ந்தால் ஆறு பேர், இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எட்டுப் பேர். ஐயாசாமி காலை ஆறரைக்கே வந்து ஓரத்து இடத்தைப் பிடித்துவிட்டான். இடது காலை மடக்காமல் நீட்டிக்கொள்ள ஓரம்தான் வசதி. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிரே துறையில் நடக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டு வருஷம் அவனும் செய்த வேலைதான். கிடங்கு வாசலில் இரண்டு பேர் சர்க்கரை மூட்டையைத் தூக்கிவிட, குனிந்து நிற்பவன் அதைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வாங்கிக்கொள்ள வேண்டும். எண்பது கிலோ. வாங்கிய பிறகு ஒரு நொடி நின்றாலும் முட்டி மடங்கிவிடும். அதனால் ஓட்டமும் நடையுமாகப் பலகையில் ஏறி, கீழே மிதக்கிற சலாந்துப் படகில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். சலாந்து நிரம்பியதும் இழுவைப் படகு வந்து, துறைமுகத்தின் நடுவில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்கு இழுத்துப்போகும்.

மூட்டையோடு போன ரொலான் அவனைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "சாமி! இன்னும் கூப்பிடலையா?"

"டாக்டர் காப்பி குடிக்கிறாரு!" என்று ஐயாசாமி பதிலுக்குக் கத்தினான். "நீ நூறு மூட்டை தூக்கறதுக்குள்ள கூப்பிட்டுருவாரு!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரொலான் இருபது வருஷ சிநேகிதன். போன ஆகஸ்டில் பலகை ஈரத்தில் வழுக்கி, ஐயாசாமி மூட்டையோடு சலாந்தின் விளிம்பில் விழுந்தபோது, இடுப்பு மேல் கிடந்த மூட்டையைத் தள்ளி அவனை வெளியே இழுத்தது ரொலான்தான். இடுப்பெலும்பு முறிந்து, ஆறு வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தான். இப்போது ஏழு மாதம் ஆகிவிட்டது. தடியோடு வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடப்பான். தடி இல்லாமல் ஒரு நிமிஷம் நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். பிறகு உட்கார வைக்கவே ஆள் வேண்டும். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது.

ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டரோடு மிஸ்யே ஜெராரும் இருந்தார். ஜெரார் கம்பெனியில் ஆள் பிரிக்கிறவர். எந்தக் கோஷ்டியில் யார், எந்தக் கிடங்குக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். நல்ல மனுஷர் என்றுதான் பேர். அவருக்கு எப்போதும் ஆள் குறைந்துகொண்டே இருந்தது, அதுதான் அவருடைய கவலை.

"தடியை வை. நில்லு," என்றார் டாக்டர்.

ஐயாசாமி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேஜையை விடு."

விட்டான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அவன் கை தானாக மேஜைக்குப் போய்விட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. எலும்பு சேர்ந்திருக்கு. ஒண்ணையும் பிடிக்காம நிக்கிறவனால தூக்கவும் முடியும், அதுதான் என் கணக்கு. ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது புதன்கிழமை வா. அன்னிக்கு முடிவா சொல்லிடறேன். உன்னால நிக்க முடியாதுன்னா தராசுக் கொட்டகை. முடியும்னா மூட்டை."

தராசுக் கொட்டகையில் உட்கார்ந்தபடி மூட்டைகளின் எடையைக் கூவிச் சொல்லுகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. யூனியன்காரர்கள் படாத பாடுபட்டு அதை ஐயாசாமிக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே தகரக் கூரை. அந்த ஸ்டூலைத்தான் அவன் ஏழு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தான். அது கிடைத்தால் அவன் மனைவி பூங்காவனம் கியூர்பிப் பக்கம் பங்களா பங்களாவாகத் துணி துவைக்கப் போகவேண்டியதில்லை. கிடைக்காமல் மூட்டைக்கு அனுப்பினால், பலகையில் பாதி தூரம்கூடத் தாண்டமாட்டான். அது அவனுக்கும் தெரியும், ரொலானுக்கும் தெரியும்.

"மெர்சி, டாக்டர்," என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

ரோஷ் புவாவில், புயலுக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த சித்தே என்கிற வரிசை வீடுகளில் ஒன்று அவனுடையது. வீட்டு வாசலில் ஆன்றி கிழவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொன்பது வயது, கறுத்து ஒடிசலான உடம்பு, மூக்குக் கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியது. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் தொன்தோன் ஆன்றி, பெரியப்பாவுக்குப் பெரியப்பா மாதிரி.

அவர் தலைநகர் போர் லூயியில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அச்சகத்தில் நாற்பது வருஷம் எழுத்துக் கோத்தவர். பத்திரிகையில் வாராவாரம் வந்த துப்பறியும் தொடர்களை ஈய எழுத்தில் தலைகீழாகப் படித்துப் படித்தே கொலைத் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டதாகச் சொல்வார். யுத்தம் முடிந்த மறுவருஷம், ரோஷ் புவா துறைமுகத் தொழிலாளிகளை வைத்து கிரியோல் மொழியில் ஒரு நாடகம் போட்டார். அதில் பிறந்தவன்தான் கொமிஸேர் லாப்லி. கொமிஸேர் என்றால் போலீஸ் அதிகாரி, லாப்லி என்றால் மழை. அந்தப் போலீஸ்காரர் எங்கே காலடி வைத்தாலும் மழை கொட்டும். மேடைக்குப் பின்னால் இரண்டு பேர் தகரத்தை ஆட்டி, அதன்மேல் கூழாங்கல்லை உருட்டுவார்கள். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று ஏழு லாப்லி நாடகம் நடந்தது. ஏழிலும் திருடன் ஐயாசாமிதான். மாதா கோவில் ஹாலின் கடைசியிலிருந்து பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்து ஒரே தாவில் மேடை ஏறுவான். அந்தத் தாவலுக்காகவே வடக்கே ரிவியேர் டு ராம்பாரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது உண்டு.

அறுபதாம் வருஷப் புயல் ஹாலின் கூரையையும் நாடகப் பெட்டியையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போனது. லாப்லி வேஷம் போட்ட ஆல்பெர் அடுத்த வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டான். லாப்லி கதை முடிந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டது. கிழவரும் அப்படித்தான் நினைத்தார், ஐயாசாமி விழுகிற வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் வியாழனும் ஞாயிறும்தான் வெளியாரை விடுவார்கள். ஆறு வாரமும், இரண்டு நாளும் தப்பாமல், கிழவர் பஸ் பிடித்து வந்தார். கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஐயாசாமி சாவு வராதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான், யாரோடும் பேசுவதில்லை. கிழவர் அதைக் கண்டுகொள்ளாமல், எழுதின மட்டும் எட்டாவது லாப்லி நாடகத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் அவர் நோட்டை மூடி எழுந்தபோது, "அப்ப யாரு கொன்னது?" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது. விழுந்த பிறகு அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. பூங்காவனம் அங்கேயே வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அன்றைக்கு அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால் தான் எழுந்தே இருக்கமாட்டோம் என்று ஐயாசாமி உறுதியாக நம்பினான். இந்தத் தைப்பூசத்துக்கு அவனால் காவடி எடுக்க முடியவில்லை. அவன் பேரில் பூங்காவனம் பால் செம்பு எடுத்தாள். கோவில் வாசலில் தடியோடு நின்று அவன் வேண்டிக்கொண்டதில் முதல் பேர் தொன்தோன் ஆன்றியுடையது. இரண்டாவது ரொலான். ஏழு மாதமாக ரொலானின் கோஷ்டி ஆட்கள்தான் முறை வைத்து, தெருக் குழாயிலிருந்து பூங்காவனத்துக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னான் டாக்டர்?" என்று கேட்டார் கிழவர்.

ஐயாசாமி சொன்னான். கிழவர் காதில் வாங்கிக்கொண்டே நோட்டைப் பிரித்தார்.

"நாடகம் முடிஞ்சிருச்சு. மாதா கோவில் சாமியார் ஹாலைத் தர்றேன்னுட்டாரு. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, மத்தியானம் மூணு மணிக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு மூணு தடவை நடந்து அனுமதியும் வாங்கியாச்சு. இனிமே லாப்லிக்கு ஆள்தான் வேணும்."

"யாரைப் போடப் போறீங்க?"

"உன்னை."

"லாப்லியா? நானா? நான் திருடன் இல்ல தொன்தோன்!"

"திருடனோட காலு போச்சு. இனிமே போலீஸ்தான்," என்றார் கிழவர், சிரிக்காமல். "லாப்லிக்கு வயசாயிருச்சு, சாமி. முட்டி வலி. கடைக்காரன் ஒருத்தன் செத்துக் கிடக்கான். வெளியில மழை. சாட்சி சொல்ல அஞ்சு பேரு உள்ளே வர்றாங்க. உட்கார்ந்திருக்கவன் கண்ணுக்கு என்ன தெரியும்? மூஞ்சி தெரியாது, செருப்புதான் தெரியும். நாலு பேரு செருப்பு ஈரம். ஒருத்தன் செருப்பு மட்டும் காஞ்சிருக்கு."

ஐயாசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. "வெளியிலேர்ந்து வரவே இல்ல அவன்! கடைக்குள்ளயே இருந்திருக்கான்!"

"பாத்தியா, போலீஸ் மூளை உனக்கு இருக்கு," என்று கிழவர் நோட்டை அவன் மடியில் போட்டார்.

ஒத்திகை ஞாயிறு பிற்பகல்களில் ரொலான் வீட்டு மாமரத்தடியில் நடந்தது. செருப்பு காய்ந்த மருந்துக்கடைக்காரன் வேஷம் ரொலானுக்கு. அவன் பேச வேண்டியதை மறந்துவிட்டு, மறந்தது தெரியாமலிருக்க உரக்கக் கத்துவான்; கிழவர் தலையில் அடித்துக்கொள்வார். முதல் ஒத்திகையில் ஐயாசாமி வசனத்தைச் சொல்லி முடித்தபோது, இத்தனை வருஷம் ஓடித் தாவிக்கொண்டிருந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு குரல் இருந்ததா என்று எல்லாரும் பார்த்தார்கள். அவனுக்கே தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பூங்காவனத்திடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினான்.

அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம்தான் நீடித்தது. துறைமுகத்தில் எதை மறைத்தாலும் ஜெராருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒரு நாள் கிடங்கு வாசலில் ரொலானை நிறுத்திக் கேட்டார். "உங்க ஐயாசாமி மேடையில ஆடுறானாமே?"

"உட்கார்ந்துதான் நடிக்கிறான், மிஸ்யே."

"அப்படியா? நானும் வந்து பாக்கறேன். லாப்லின்னா என் பொண்டாட்டிக்கு உசிரு," என்றார் ஜெரார்.

ரொலான் அதை அன்று சாயங்காலமே வந்து சொன்னான். பூங்காவனம் கதவைச் சாத்திவிட்டு ஐயாசாமியிடம் திரும்பினாள். "வேணாங்க. விட்டுருங்க. ஞாயித்துக்கிழமை நாடகம், புதன்கிழமை டாக்டர். மேடையில நீங்க காலை கொஞ்சம் அசைச்சாக்கூட, 'நல்லாத்தான் இருக்கான், நடிக்கிறான்'னு போய்ச் சொல்லிருவாரு. அந்த ஸ்டூலு போச்சுன்னா நம்ம கதி என்ன?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஐயாசாமி தடியை ஊன்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த கிழவர் வீட்டுக்குப் போனான். நோட்டை மட்டும் நீட்டினான்.

"ஜெரார் வர்றாருன்னு எனக்கும் தெரியும்," என்றார் கிழவர். "உக்காரு. உனக்கு அந்த ஸ்டூலு முக்கியம். எனக்கும் அதுதான் முக்கியம். ஆனா ஏழு கொலையைக் கண்டுபிடிச்சவன் நான். ஒரு ஜெராரைச் சமாளிக்க மாட்டேனா?"

அப்போதே பென்சிலை எடுத்தார். நாடகத்தில் லாப்லி எழுகிற இடம் மூன்று இருந்தது. பிணத்தைக் குனிந்து பார்க்கிற இடம் ஒன்று. அதை அடித்துவிட்டு, கான்ஸ்டபிள் பிணத்தின் கைக்கடிகாரத்தைக் கழற்றி லாப்லியிடம் கொண்டுவந்து கொடுக்கும்படி மாற்றினார். ஜன்னலுக்குப் போய் மழையைப் பார்க்கிற இடத்தில், "மழை விட்டுதா பார்" என்று கான்ஸ்டபிளிடம் கேட்கச் செய்தார். கடைசியில் கொலைகாரனைப் பிடிக்க எழும் இடத்தில் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு, கொலைகாரனே வந்து லாப்லியின் காலடியில் விழுவதாக எழுதினார்.

"திரை திறக்கும்போது நாற்காலியில. திரை மூடும்போதும் நாற்காலியில. நடுவுல பூகம்பமே வந்தாலும் எழுந்திரிக்காதே. சாமியாரோட பெரிய பிரம்பு நாற்காலியைக் கேட்டிருக்கேன். உன் முட்டி மேல கம்பளி போத்திருவோம். கால் அசைஞ்சாலும் வெளியில தெரியாது. எல்லாத்தையும் யோசிச்சிட்டேன். போதுமா?"

ஐயாசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன், தொன்தோன்?"

"வசனத்தை மறக்காதே. ரொலான் மறக்கிறதே எனக்குப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே மாதா கோவில் ஹால் நிரம்பிவிட்டது. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கட்டைகளில் ஏறிக்கொண்டார்கள். முதல் வரிசையில் சாமியார், அவர் பக்கத்தில் அனுமதி கொடுத்த ஸ்டேஷனிலிருந்து ஒரு கார்ப்பரல், விறைப்பான உடுப்போடு. இரண்டாவது வரிசையில் ஜெராரும் அவர் மனைவியும். ஜெரார் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பூங்காவனம் மூன்றாவது வரிசை ஓரத்தில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் முழுக்க ஜெராரின் பிடரி மேலேயே இருந்தது.

திரை மூடியிருக்கும்போதே ரொலானும் இன்னொருவனும் ஐயாசாமியைத் தூக்கி வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கிழவர் தன் கையாலேயே கம்பளியைப் போர்த்தி, ஆல்பெரின் பழைய குடையை அவன் மடியில் வைத்தார். பிறகு மேடை ஓரத்துக்குப் போய்த் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தகரம் அதிர்ந்தது. கூழாங்கல் உருண்டது. திரை விலகியதும் ஹால் முழுக்க ஒரே குரலாக, "லாப்லி!" என்று கத்தியது. மூன்று வருஷம் செத்துக் கிடந்த மனுஷன் குடையோடு திரும்பி வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கிழடுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஐயாசாமி அன்று நடித்ததுபோல் அதற்கு முன்னால் நடித்ததில்லை. குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு சாட்சியும் உள்ளே வரும்போது அவன் கண் மட்டும் மெதுவாகத் தரைக்கு இறங்கும். மூன்றாவது ஆள் வந்தபோதே ஜன்னல் கட்டையிலிருந்து, "செருப்பைப் பாக்குறான்டா!" என்று ஒருவன் கத்தினான். அதற்குப் பிறகு ஹாலே எழும்பி எழும்பிச் செருப்பைப் பார்த்தது. ரொலான் உள்ளே வந்து, வழக்கம்போல் வசனத்தை மறந்து, திருதிருவென்று விழித்தான். கொலைகாரன் முழி அப்படித்தான் இருக்கும் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். ஜெராரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெராரும் தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்யே, வெளியில இப்படிக் கொட்டுது. உங்க செருப்பு மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?" என்று லாப்லி மெதுவாகக் கேட்டபோது, கைதட்டலில் புதுக் கூரை அதிர்ந்தது. ரொலான் வந்து காலடியில் விழுந்தான். ஐயாசாமி நாற்காலியை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. பூங்காவனம் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் மூச்சு விட்டாள். மேடை ஓரத்தில் கிழவர் கயிற்றைப் பிடித்தபடி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும், இந்த ஏழு மாத வலியும் இந்த ஒரு பிற்பகலுக்குத்தான் என்றால் பரவாயில்லை என்று ஐயாசாமிக்குத் தோன்றியது.

நடிகர்கள் எல்லாரும் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வந்து நின்றார்கள். திரையை மூடக் கிழவர் கயிற்றை இழுக்கப் போனார்.

அதற்குள் ஹாலின் மூலையிலிருந்த கிராமபோன் கரகரத்தது. சாமியாரின் உதவிக்காரன் ஊசியை வைத்துவிட்டான். தீவை ஆளும் வெள்ளைக்கார மகாராணியின் வாழ்த்துப் பாட்டு.

எந்த ஹாலில் எந்த ஆட்டம் முடிந்தாலும் அதை வைக்க வேண்டும், திரை திறந்திருக்க வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அனுமதிச் சீட்டிலேயே அது இருந்தது. பூகம்பம் வரை யோசித்த கிழவருக்கு, பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற இந்தப் பாட்டு மட்டும் நினைவுக்கு வரவில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நிற்க முடியாத நடிகன் என்று ஒருவன் அவருக்கு இருந்ததே இல்லை.

கார்ப்பரல் முதல் ஆளாக எழுந்து விறைத்தார். பெஞ்சுகள் தடதடவென்று நகர்ந்தன. ஐந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். ஜெராரும் எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார். ஹால் முழுவதிலும் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான், அதுவும் எல்லாருக்கும் எதிரே, மேடைக்கு நட்ட நடுவில், மடியில் கம்பளியோடு.

கார்ப்பரலின் கண் நாற்காலிக்கு வந்தது. அங்கேயே நின்றது. சுதந்திரப் பேச்சு சூடுபிடித்திருந்த காலம் அது. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சினிமாக் கொட்டகையில் இந்தப் பாட்டுக்கு எழுந்திருக்காத மூன்று யூனியன்காரர்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொட்டகையை ஒரு மாதம் பூட்டினார்கள். கார்ப்பரலின் கண் நாற்காலியிலிருந்து நகர்ந்து, மேடை ஓரத்தில் கயிற்றோடு நின்ற கிழவரிடம் போனது. அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவர் கிழவர்தான்.

கிழவரின் முகத்தை ஐயாசாமி பார்த்தான். வெளுத்துப் போயிருந்தது. பாட்டு நடக்கும்போது திரையை மூடினால் அது இதைவிடப் பெரிய குற்றம். அவர் அவனைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை அசைத்தார். அந்த நூல் கட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது.

ஐயாசாமி குடையைக் கீழே வைத்தான். கம்பளியை விலக்கினான். நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்து, வலது காலில் உடம்பைப் போட்டு, எழுந்தான்.

குடையை ஊன்றிக்கொண்டிருக்கலாம். அது தோன்றவில்லை. எல்லாரையும்போல் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். இடுப்பில் தொடங்கிய வலி முழங்காலுக்கு இறங்கி, கணுக்காலைப் பிடித்தது. நெற்றியில் பொங்கிய வேர்வை புருவத்தில் தேங்கி, கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. கார்ப்பரல் கிழவரை விட்டுப் பார்வையை எடுத்துவிட்டார். அது ஒன்று போதும் என்று ஐயாசாமி நினைத்தான். மூன்றாவது வரிசையில் பூங்காவனம் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஜெரார் மூடவில்லை. பாட்டு தொடங்கியதிலிருந்து முடிகிறவரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்தது. பிறகு யாரோ ஒரு பெண், "அய்யோ அம்மா, ஐயாசாமி நிக்கிறான்!" என்று கத்தினாள். அப்போதுதான் ஊர் அதைக் கவனித்தது. ஏழு மாதமாக அவனுக்காக மெழுகுவத்தி ஏற்றினவர்கள், கோவிலில் தேங்காய் உடைத்தவர்கள், குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்கள், எல்லாரும் அங்கே இருந்தார்கள். நாடகத்துக்குத் தட்டியதைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். "நிக்கிறான்! தடி இல்லாம நிக்கிறான்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெரார் பெஞ்சுகளை விலக்கிக்கொண்டு மேடையருகே வந்தார். அவர் முகத்தில் மனதார ஒரு சந்தோஷம் இருந்தது. எட்டி ஐயாசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம், ஐயாசாமி! என் பொண்டாட்டி அழுதுட்டா. புதன்கிழமை நீ டாக்டர்கிட்ட வந்து காத்துக்கிட்டிருக்க வேணாம், நானே சொல்லிடறேன். வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கு ரெண்டாம் நம்பர் கிடங்குக்கு வந்துரு. ஜான்-பியேர் கோஷ்டியில மூட்டை தூக்க ஒரு ஆள் குறையுது."

ஐயாசாமி அவர் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாயிலிருந்து பழக்கத்தில் வந்தது ஒன்றுதான்.

"மெர்சி, மிஸ்யே."

கிழவர் கயிற்றை இழுத்தார். திரை மூடிக்கொண்டது.

ஐயாசாமி உட்காரப் பார்த்தான். முடியவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது. எழுந்தபோது தள்ளிப்போன நாற்காலி ஒரு முழத்துக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் போக ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. ரொலான் ஓடிவந்து பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்தான். பூங்காவனம் மேடைப் படி ஏறி வந்து, குனிந்து அவன் இடது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கிழவர் தள்ளாடிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஒண்ணை மறந்துட்டேன், சாமி," என்றார். "ஒண்ணே ஒண்ணை."

"நீங்க என்ன மறந்தீங்க?" என்றான் ஐயாசாமி. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கிழவரின் தோளில் கையை வைத்தான். "என்னை நீங்க மறக்கலயே, தொன்தோன். ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போயிருந்தா நான் எங்க? மெர்சி. ஆயிரம் மெர்சி."

ரொலான் மெல்ல மெல்ல அவனைப் பின்னுக்குச் சாய்த்தான். பூங்காவனம் காலைத் தூக்கிப் பிடித்தாள். கிழவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். மூன்று பேரும் சேர்ந்து, மூட்டை இறக்குவதுபோல், அவனை அங்குலம் அங்குலமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் ஓயவில்லை. பெஞ்சுகளில் காலைத் தட்டிக்கொண்டு, ஊரே ஒரே குரலில் கூப்பிட்டது.

"லாப்லி! இன்னொரு தடவை! இன்னொரு தடவை எழுந்து நில்லு!"